நடுப்பலகை இல்லாத வண்டி

இன்று காலை வேனின் பின்கதவைத் திறந்து, அடுப்பு மேடைக்கு அடியில் இருக்கிற நீளப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். கருவாட்டு நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது. ஓணம் வந்து போயாயிற்று. மழையும் ஓய்ந்துவிட்டது. நீ போனபின் உன் துணிமணிகூட உன் வீட்டைவிட்டுப் போயிற்று. இது மட்டும் மூடிய பெட்டிக்குள் வெயிலில் வெந்துகொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

வாசனை என்று நயமாக எழுதலாம். எழுத மாட்டேன். போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றின்மேலும் பன்னீர் தெளிப்பது எனக்கு ஆகாது, உனக்கும் ஆகாது. வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்து அங்கேயே அறுபதைத் தாண்டியவளுக்கு அது இன்றைக்கும் நாற்றம்தான். மூடியைப் போட்டுவிட்டு, கோயில் மதிலில் கையை ஊன்றி நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு மறுபடியும் திறந்தேன். நாளை விடிகாலையில் புறப்படுகிறேன். நம் வேனை நானே ஓட்டிக்கொண்டு, தனியாக, தனுஷ்கோடிவரை. மெத்தை, ஜாக்கி, தண்ணீர்க் கேன், மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் இடம் முடிவாகிவிட்டது. சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான் பாக்கி. அதற்கென்று நாம் ஒதுக்கிய இடம் இந்த நீளப் பெட்டி. இதன் மூலையில் உன் கருவாட்டு டின் இருக்கிறது.

டின்னைப் பற்றி ஆளுக்கொரு யோசனை. பெங்களூரில் இருக்கும் என் மகன், "மொதல்ல அதைத் தூக்கிப் போடும்மா, அப்பறம் வண்டியையே குடுத்துடலாம்" என்கிறான். மஸ்கட்டில் இருக்கும் உன் மகள் போனில் அழுதுகொண்டே, "அம்மா சாமான என்ன செய்யணும்னு நீங்களே தீருமானிச்சாப் போதும் ஆன்ட்டி" என்றாள். அண்ணா காலமானபின் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மன்னி யோசனை எதுவும் சொல்வதில்லை. மதிலோரம் நிற்கிற வேனைத் தாண்டும்போது புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள், அவ்வளவுதான். மூடிய பெட்டி, பூட்டிய கதவு, ஏற்றிவிட்ட கண்ணாடி. அத்தனையையும் மீறி அவள் மூக்குக்கு எப்படி எட்டுகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நாம் எப்படிச் சிநேகிதிகளானோம் என்று கேட்பவர்களுக்கு நான் சாலைக் கம்போளத்துச் சந்தை நெரிசலைத்தான் காட்டுவேன். நீ பள்ளிக்கூட வேன் ஓட்டினாய். நான் அதே பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க். சாயங்காலம் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டபின் முன் சீட்டில் நான் மட்டும் மிஞ்சுவேன். வண்டி கம்போளத்துக்குள் நுழைந்ததும் லாரியும் கைவண்டியும் வழியை அடைத்துக்கொள்ளும். வெங்காய மூட்டை இறங்கி முடிகிறவரை பேச்சைத் தவிர வேறு வேலை கிடையாது. நீ போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து அழகை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அட்டையும் குளிரும்தான் மாமி அங்க. உருகுதவங்க போயி நாலு நாளு கொளுந்து பறிக்கட்டும்" என்பாய். உன்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவளை என்னத்துக்கு மாமி என்கிறாய் என்று சண்டை போட்டிருக்கிறேன். "அது வயசு இல்ல மாமி, ஒங்க பேரு" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்துவாய்.

நமக்கு ஓய்வு வந்த சமயத்தில், பிள்ளைகளை ஏற்றுகிற வயது தாண்டிவிட்டது என்று பள்ளிக்கூடம் வேனையும் விற்றது. "மூணு பேரும் ஒண்ணா ரிட்டயராவுதோம்" என்று சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "இத்தன வருசமும் போன ரோட்டுலயே திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன் மாமி. ரோடு எங்கயாச்சும் முடியும்லா? அந்த முடியுத எடத்துல கொண்டுபோயி வண்டிய நிறுத்தணும்." தனுஷ்கோடியில் ரோடு கடலோடு முடிந்துவிடுகிறது என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கே தீர்மானமாயிற்று. வேனை இருவருமாக வாங்கினோம். ஓட்டுகிற வேலை உன்னுடையது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீ விடவில்லை. "வண்டி ரெண்டு பேரு பேருல, வளையம் பிடிக்கது மட்டும் ஒருத்தியா?" என்று என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தாய். நான் கியர் போட்டபோது வண்டி போட்ட கூச்சலுக்கு, மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் போட்டேன்.

சீட்டுகளைக் கழற்றியதும் வேன் வெறும் தகரக் கொட்டகையாக நின்றது. அதற்குள் இரு பக்கமும் இரண்டு கட்டில், கட்டிலுக்கு அடியில் அறைகள், பின்னால் குறுக்கே அடுப்பு மேடை. அவ்வளவு இடத்துக்குள் ஒரு குடித்தனத்தையே அடுக்க வேண்டும். எத்தனை சண்டை போட்டோம்! ஆபீஸ் பழக்கத்தில் நான் எல்லாவற்றையும் அகர வரிசையில் வைக்கலாம் என்றேன். "அப்பம் டயர் பஞ்சரானா ஜாக்கிய எங்கன போயி தேட? கடைசி எழுத்துலயா?" என்று கேட்டு அந்த யோசனையை அங்கேயே புதைத்தாய். குடையை வாசலருகில் மாட்ட வேண்டும் என்றேன். "மழ பேஞ்சா வண்டிய விட்டு எதுக்கு எறங்கணும்?" என்றாய். குடை இப்போது வாசலருகில்தான் தொங்குகிறது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றபடி உன் சட்டங்கள்தான் செல்லுபடியாயின. எடை அடியில் கிடக்கணும், பஞ்சு மேலே போகணும். அவசரத்துக்கு வேண்டியது கை எட்டுகிற இடத்தில் இருக்கணும். எந்தப் பெட்டியையும் பாதி வெறுமையாக விடக்கூடாது. "காலிப் பொட்டிதான் மாமி சத்தம் போடும்" என்று நீ சொன்னபோது, நம் தலைமையாசிரியரை நினைத்து இருவரும் சிரித்த சிரிப்பு, வண்டிக்கு மரவேலை செய்த ஆசாரியின் பட்டறைவரை கேட்டிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நீ எனக்குச் சண்டை போட வாய்ப்பே தரவில்லை. என்னைக் கேட்காமல் ஆசாரியிடம் சொல்லி, இந்த நீளப் பெட்டியின் நடுவில் ஒரு பலகையை நிறுத்தினாய். நல்ல கனமான பலாப்பலகை. அதற்கு இடப்பக்கம் என் சாப்பாட்டுச் சாமான். வலப்பக்கம் உன்னுடையது. தண்ணீர்க் கேன்கூட எனக்குத் தனி, உனக்குத் தனி.

அதற்குக் காரணம் ஒரு டம்ளர் என்று எனக்குத் தெரியும். நான் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாய். மன்னி உனக்குக் காபி கொடுத்தாள். கொல்லைக் குழாயடியில் தனியாகக் கிடக்கும் விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தாள். நீ குடித்தாய், நீயே கழுவினாய், நீயே கவிழ்த்து வைத்தாய், "வாறேன் மாமி" என்று போய்விட்டாய். உள்ளே படுத்திருந்த எனக்கு டம்ளரைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. மறுநாள் காய்ச்சலோடு எழுந்து அந்த டம்ளரை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு அதுதான் டம்ளர். நீ பார்த்தாய். "வெளிம்பு ஒதட்ட அறுக்கும், பாத்து" என்று மட்டும் சொன்னாய்.

எங்கள் வீடுகளில் 'பத்து' பார்ப்பது என்று ஒன்று உண்டு. சோறு வடித்த பாத்திரத்தைத் தொட்ட கையால் ஊறுகாயையோ தயிரையோ தொடக்கூடாது. நடுவில் கையை நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். சோறும் ஊறுகாயும் ஒட்டி உட்காரக்கூடாது. இதையெல்லாம் உனக்குச் சொன்னவள் நான்தான், சும்மா பேச்சுக்கு. நீயோ அதை மனசில் போட்டுக்கொண்டு, ஊறுகாய்க்கே இத்தனை வேலி என்றால் கருவாட்டுக்கு எத்தனை வேலி வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டாய்.

மழைக்கு முன்னால், வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று மலைப்பக்கம் புறப்பட்டோம். நெடுமங்காடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு திருப்பத்தில் என் தயிர்ச்சட்டி கவிழ்ந்து கட்டிலுக்கு அடியில் தயிர் ஓடியது. விதுரையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாய். கடைக்காரர் கையில் டீயோடு எட்டிப் பார்த்து, "சேச்சீ, வண்டி இடத்தோட்டு சரிஞ்ஞாணல்லோ" என்றார். இறங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், வண்டி இடுப்பு பிடித்துக்கொண்டவளைப் போல இடப்பக்கம் ஒருக்களித்து நின்றது. அரிசி, பருப்பு, சிலிண்டர், வெண்கல உருளி எல்லாம் மாமி பக்கம். உன் பக்கத்தில் உன் தண்ணீர்க் கேனும் இரண்டு சேலையும் ஒரு கருவாட்டு டின்னும். எடை எடை என்று நாளெல்லாம் ஓதிய டிரைவர், ஒன்றோடொன்று தொடக்கூடாது என்ற கவலையில் எடையையே மறந்துவிட்டாள்.

"யாரு கேட்டா உன்னை ரெண்டு அடுக்களை?" என்றேன். நடுரோட்டில் என் குரல் எவ்வளவு உயரும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"நீங்க கேக்கல மாமி. நாளைக்கு உங்க வீட்டுல ஒரு சொல்லு வந்துரப்பிடாதுன்னுதான்."

"வந்தா நான் கேட்டுக்கறேன். வண்டி சரியறது, அதைப் பாரு."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சொன்னாய். "இப்பம் இப்பிடித்தான் சொல்லுவிய. மூணாம் நாளு எங் கருவாட்டு நாத்தத்துல ஒங்களுக்குக் கொமட்டும். என்ட்ட ஒண்ணும் சொல்லமாட்டிய, சும்மா தின்னாம இருப்பிய. அதப் பாக்கதுக்கு எனக்குத் தெம்பு இல்ல மாமி."

"குமட்டும்தான். யாரு இல்லேன்னா? குமட்டினா குமட்டிண்டே சாப்பிடறேன். ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

"அதுவும் ஒங்க பக்கத்துலதான் கெடக்கு" என்றாய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பலகையைக் கழற்றியது நான். ஆசாரி முடுக்கியிருந்த முடுக்குக்கு என் உள்ளங்கை கொப்புளித்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாய். கழற்றிய பலகையை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி முழுவதையும் ஒன்றாக்கி, எடையை இரண்டு பக்கத்துக்கும் பிரித்து அடுக்கினோம். கருவாட்டு டின்னுக்கும் என் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் ஒரு துணியைச் செருகினாய், உரசிச் சத்தம் போடாமல் இருக்க. திரும்பி வரும்போது வண்டி நேராக வந்தது. மன்னி அன்றைக்கு வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அப்புறம் ஆடி பிறந்து கர்க்கடக மழை வந்தது. ஆரியசாலைச் சந்தில் உன் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது. அதில் இறங்கி நடந்தாய். காய்ச்சல் வந்ததை மறைத்தாய். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, எனக்கு போன் செய்து தனுஷ்கோடிக்குப் போக எந்த மாசம் நல்லது என்று கேட்டாய். எலிக்காய்ச்சல் என்று டாக்டர்கள் சொன்னபோது காலம் கடந்திருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் விதி என்றார்கள். விதியாவது மண்ணாவது! உன்மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. உடம்பு சுடுகிறது மாமி என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கியர் கூச்சல் போட்டாலும் நானே வேனை ஓட்டிக்கொண்டு வந்து உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

ஓணம் முடிந்த வாரம் என் மகன் சொல்லி ஓர் ஆள் வேனைப் பார்க்க வந்தார். ரோட்டோரத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கடை போட ஆசையாம். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், நீளப் பெட்டியைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார். நாற்றம் மரத்தில் ஊறிவிட்டது, பெட்டியைப் பெயர்த்துவிட்டு வேறு அடிக்க வேண்டும் என்றார். "பெயர்க்க வேண்டாம்" என்றேன். அப்படியானால் எப்படி என்று கேட்டார். அப்படியானால் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மகன் போனில் கத்தினான். "அம்மா, ஒனக்கு பிராயம் என்னன்னு தெரியுமா?" தெரியும். அவனைப் பெற்றவளுக்கு அவன் வயதும் தெரியும், தன் வயதும் தெரியும். பிராயத்தைக் காட்டி என்னை உட்காரவைக்க நினைக்கிறவர்கள் முதலில் விதுரை வளைவில் வண்டியைத் திருப்பிக் காட்டட்டும்.

இன்று மத்தியானம் சாமான்களை ஏற்றினேன். அரிசி, பருப்பு, மோர்மிளகாய், கடுமாங்காய் ஊறுகாய் ஜாடி. உன் டின்னைத் திறந்து பார்த்தேன். நாலைந்து துண்டு மிச்சம் இருக்கிறது. மூடி, இருந்த மூலையிலேயே வைத்தேன். டின்னைத் தொட்ட கை அரிசி டப்பாவுக்குப் போகுமுன் தானாகத் தண்ணீரைத் தேடியது. அறுபது வருஷம் பழகிய கை, அதன்மேல் குற்றமில்லை. ஆனாலும் நனைக்கவில்லை. அப்படியே அரிசியை எடுத்து உள்ளே வைத்தேன்.

அப்போதுதான் மன்னி வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய பொட்டலம். இலையைத் தாண்டி நல்லெண்ணெய் மணத்தது.

"கார்த்தால கிளம்பறது நிச்சயமாக்குமா?"

"நிச்சயமாக்கும்."

"சொன்னாக் கேக்கமாட்டே. புளியஞ்சாதம். ரெண்டு வேளைக்கு வரும். எங்க வெக்கட்டும்?"

நீளப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். "இங்க."

ஒரு கையில் பொட்டலம், மறு கை தலைப்போடு மூக்குக்குப் போயிற்று. "இதுலயா? முன்னாடி சீட்டுல எடம் இருக்கேடீ."

இருந்தது. முன் சீட்டில் ஒரு கல்யாணச் சீரையே அடுக்கலாம். "சாப்பாட்டுக்கு எடம் இதுதான் மன்னி. அவளும் நானும் தீர்மானிச்சது. மாத்தறதுக்கில்லை" என்றேன்.

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. குனிந்து, உன் டின்னுக்கு எட்டாத இடது ஓரமாக, விரல் நுனியால் பொட்டலத்தை வைத்தாள். நிமிர்ந்ததும் அவள் கையும் தண்ணீரைத் தேடியது. கேனிலிருந்து டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். வாங்கி விரல்களைக் கழுவியவள், டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்மாத்து டம்ளர் ஆச்சே. எங்க போச்சுன்னு எத்தனை நாள் தேடினேன்!"

"நான்தான் எடுத்தேன். அன்னிக்கு அவளுக்கு இதுல காபி குடுத்தேளே, அதுக்கு மறுநாள். அன்னிலேருந்து நான் இதுலதான் குடிக்கறேன்."

மன்னி ஈரக் கையோடு நின்றாள். டம்ளரின் விளிம்பில் அவள் கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றி, நெளிவில் வந்து நின்றது. "ஒதட்டை அறுக்காதோ?" என்றாள்.

"அறுக்கும்" என்றேன்.

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மன்னிப்பும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. டம்ளரை அடுப்பு மேடைக்கு மேலே கொக்கியில் மாட்டினேன். கை எட்டுகிற இடம்.

அப்புறம் மறுபடி குனிந்து, மன்னி ஒதுக்கி வைத்த பொட்டலத்தை எடுத்து உன் டின்னை ஒட்டி வைத்தேன். ஓரத்தில் தனியாக விட்டால் வளைவுக்கு வளைவு உருளும். இடையில் துணிகூட வைக்கவில்லை. நாளை மத்தியானம் எங்கேயாவது மர நிழலில் வண்டியை நிறுத்தி இலையைப் பிரிக்கும்போது, புளியஞ்சாதம் முழுக்க உன் கருவாடு நாறும். எனக்குக் குமட்டும். குமட்டிக்கொண்டே கடைசிப் பருக்கைவரை சாப்பிடுவேன்.